சிப் இருந்தால் போதுமா? அட்டைகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சிப் வைத்த பாஸ்போர்ட் பற்றி நாலு வரி எழுதினேன். அதிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் அடையாள அட்டையைப் பற்றித்தான். ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கோட்டையூரிலிருந்து ஒரு வாசகி): என் மகளைக் கோலாலம்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை அந்த நாட்டுக் குடிமகன். வீட்டில் முன்னோருக்குப் போடும் படைப்புக்கு வந்திருந்தபோது அவருடைய அடையாள அட்டையைக் காட்டினார், பேங்க் கார்டு மாதிரி அதில் தங்க நிறத்தில் சிப் இருக்கிறது. நம் ஆதாரில் ஏன் அது இல்லை? நம்முடையது பாதுகாப்புக் குறைந்ததா?

பதில்: நல்ல கேள்வி ஆச்சி. மாப்பிள்ளை காட்டியது மைகாட் என்ற அட்டை. 2001 செப்டம்பரிலிருந்து மலேசியாவில் கொடுக்கிறார்கள். சிப்புக்குள் அவருடைய விவரங்களோடு இரண்டு கட்டைவிரல் ரேகையும் இருக்கும். அங்கே வங்கிக்குப் போனால் அட்டையைக் கருவியில் செருகச் சொல்லிக் கட்டைவிரலை வைக்கச் சொல்வார்கள். வைத்த விரலும் சிப்பில் இருக்கிற விரலும் ஒன்றா என்று அந்த மேசையிலேயே பார்த்துவிடலாம், எங்கேயோ இருக்கிற கணினியைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். மலேசியாவுக்கு அடையாள அட்டை புதிதும் இல்லை, 1948ல் அவசரநிலை வந்தபோதே வெள்ளைக்காரன் எல்லோருக்கும் அட்டை எடுக்கவைத்தான். அப்போது அங்கே கடை வைத்திருந்த நம்மவர்களும் போட்டோ பிடித்து, கைரேகை வைத்து வாங்கினார்கள். பழைய பெட்டகங்களைக் கிளறினால் அந்த அட்டை இப்போதும் கிடைக்கக்கூடும், கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்தியாவில் சிப் அட்டை யோசனையே வரவில்லை என்று நினைக்க வேண்டாம். 2003ல் பல்நோக்கு தேசிய அடையாள அட்டை என்று ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கினார்கள், நாடு முழுவதும் 13 மாவட்டங்களில். தமிழ்நாட்டில் அதற்கு எடுத்த மாவட்டம் எது தெரியுமா, நம் பக்கத்து ராமநாதபுரம்! 1985 வரை நம் செட்டிநாட்டுச் சீமையில் பெரும்பகுதி அந்த மாவட்டத்தில்தானே இருந்தது. அந்த அட்டையில் சிப் இருந்தது, சிப்புக்குள் ஓடிய இயங்குதளத்துக்கான ஸ்கோஸ்டா என்ற வரையறையும் நம் நாட்டிலேயே எழுதியது. மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் கடலோர கிராமங்களில் மக்களைக் கணக்கெடுத்து அவர்களுக்கும் சிப் வைத்த அட்டை கொடுத்தார்கள், தொண்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பிறகு 2009ல் ஆதார் ஆணையம் வந்தது. வழி மாறியது அங்கேதான். அட்டை வேண்டாம், ஒரு எண் போதும், ஆள் வந்து விரலை வைத்தால் மையக் கணினியில் இருக்கும் பதிவோடு ஒப்பிட்டு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். அட்டை தொலைந்தால் மறுபடி அச்சடிக்கும் செலவு கிடையாது, அட்டை இல்லாதவன் எண்ணைச் சொன்னால் போதும். நூறு கோடிக்கு மேல் ஜனங்கள் இருக்கிற நாட்டில் அது நியாயமான யோசனை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. மலேசியாவில் சரிபார்ப்பு மேசையிலேயே முடிந்துவிடும், இங்கே லைன் வேண்டும், சர்வர் வேண்டும். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பாத ஆள் நம் ஊரில் உண்டா?

பாதுகாப்பு என்றால் கள்ள அட்டை அடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆதார் காகிதத்தை எவனும் அச்சடிக்கலாம். மையக் கணினியில் இருக்கிற பதிவை அப்படி அடிக்க முடியாது. ஆக ஆதாரின் பாதுகாப்பு நீங்கள் கையில் வைத்திருக்கிற காகிதத்தில் இல்லை, அதை வாங்கிப் பார்க்கிறவர் சரிபார்க்கிறாரா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. அவர் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் ஆதாரும் பழைய ரேஷன் புத்தகமும் ஒன்றுதான்.

கேள்வி (தேவகோட்டையிலிருந்து கல்லூரி மாணவர்): சிப்புக்குள் என்னதான் நடக்கிறது? அதில் இருக்கிற தகவலைக் காப்பி எடுத்து வேறு அட்டையில் போட்டால் என்ன ஆகும்?

பதில்: தம்பி, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

உங்கள் போனில் இருக்கிற சிம்மைக் கழற்றிப் பாருங்கள். அதுவும் ஸ்மார்ட் கார்டுதான், சுற்றி இருந்த பிளாஸ்டிக்கை வெட்டிச் சின்னதாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மேலே தங்க நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரிவது சிப் இல்லை, வெளியிலிருந்து கரண்டும் தகவலும் போய்வருகிற முனைகள். அதற்கு அடியில் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது, அதற்கென்று செயலி, நினைவகம், இயங்குதளம் எல்லாம் உண்டு. பேட்டரி கிடையாது. கருவியில் செருகினால் கருவியிலிருந்து கரண்டு வாங்கி உயிர் பெறும். செருகாமல் மேலே வைத்தாலே படிக்கிற வகையில் அட்டைக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஓடும், கருவியின் காந்தப்புலத்திலிருந்து அது கரண்டு எடுத்துக்கொள்ளும், அதனால்தான் சில சென்டிமீட்டர் நெருங்கினால் மட்டும் வேலை செய்கிறது.

சரி, காப்பி விஷயம். முன்பு பேங்க் கார்டின் முதுகில் கறுப்புப் பட்டை மட்டும் இருக்கும். கேசட் நாடா மாதிரிதான் அது, அதில் இருப்பதை அப்படியே படித்து இன்னொரு அட்டையில் ஏற்றினால் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தத் திருட்டுக்காகத்தான் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 முடிவதற்குள் சிப் கார்டாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு வைத்தது.

சிப் வேறு மாதிரி. நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கூனில் கடை இருந்த காலம், ஆள் ஒருவன் முகப்பில் வந்து நின்று "நான் உங்கள் கடையிலிருந்து வருகிறேன், ஐயா பணம் வாங்கி வரச் சொன்னார்" என்கிறான். கையில் கடிதம் இருக்கிறது. கடிதத்தையும் கையெழுத்தையும் பார்த்துப் பழகி எழுதிவிடலாம், திருடியும் வந்திருக்கலாம். அப்பத்தா கெட்டிக்காரி, கடிதத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "கடைக்குப் பின்கட்டில் கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள். அடுத்த முறை வருகிறவனிடம் அதே கேள்வியைக் கேட்கமாட்டாள், வேறு கேட்பாள். உள்ளே இருந்து பழகினவனால் எதைக் கேட்டாலும் சொல்ல முடியும், போன முறை வாசலில் நின்று ஒட்டுக்கேட்டவனால் முடியாது.

சிப்பும் அப்படித்தான். அதற்குள் ஒரு ரகசிய எண், அதாவது சாவி, இருக்கும். அந்தச் சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை, கருவி கேட்டாலும் கொடுக்காது. கருவி ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு எண்ணை உருவாக்கி அனுப்பும். சிப் அந்தச் சாவியை வைத்து உள்ளேயே கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். விடை சரியா என்று பார்க்க ரகசியச் சாவி தேவையில்லை, அதற்கு ஜோடியாக எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவி ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு அட்டையின் பெயர், படம், எண் எல்லாவற்றையும் காப்பி எடுத்து வேறு சிப்பில் ஏற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், கருவி புதுக் கேள்வி கேட்டதும் அது முழிக்கும்.

இதோடு இன்னொன்றும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. உள்ளே இருக்கும் தகவல்மேல் அட்டை கொடுத்த அரசு போட்ட டிஜிட்டல் கையொப்பம். பிறந்த வருஷத்தில் ஒரு எழுத்தை மாற்றினால்கூட அந்தக் கையொப்பம் ஒத்துப்போகாது. கையொப்பம் தகவலைத் திருத்தவிடாமல் காக்கிறது, சாவி சிப்பைக் காப்பி எடுக்கவிடாமல் காக்கிறது. இரண்டும் இருந்தும் மூன்றாவது ஒன்று மிச்சம் இருக்கிறது: அட்டையை நீட்டுகிற ஆள் அதன் சொந்தக்காரர்தானா? அதற்கு ஏடிஎம்மில் போடுவது மாதிரி ரகசிய பின் எண்ணோ, விரலோ முகமோ வேண்டும், இல்லாவிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்க்கவாவது வேண்டும். நல்ல அட்டையைத் திருடிக்கொண்டு வந்தவனைச் சிப் தானாகப் பிடித்துத் தராது.

சிப் தோற்றதே இல்லையா என்றால், தோற்றிருக்கிறது. எஸ்தோனியா என்ற சின்ன நாடு 2002லிருந்து சிப் அட்டை கொடுக்கிறது, அங்கே ஜனங்கள் கையெழுத்துப் போடுவதே அந்த அட்டையால்தான். 2017ல் அந்தச் சிப்புகள் சாவியை உருவாக்குகிற விதத்தில் ஓட்டை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள், ஏறக்குறைய ஏழரை லட்சம் அட்டைகள். அரசாங்கம் மூடி மறைக்கவில்லை. விஷயத்தை வெளியே சொல்லி, அட்டைகளின் சான்றிதழை நிறுத்திவைத்து, இணையம் வழியாகவே புதுப்பித்துக்கொள்ள வழி செய்தது. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. பொறியியல் படிக்கிறீர்கள் என்றால் அந்தக் கதையைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி (புதுவயலிலிருந்து ஒரு வாசகர்): ரேஷன் அட்டையை ஸ்மார்ட் கார்டு என்கிறார்கள். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், சிப்பைக் காணோம்.

பதில்: இல்லை, அதனால் காணவில்லை. 2017 ஏப்ரலிலிருந்து கொடுத்த அந்த அட்டையில் இருப்பது கியூஆர் கோடு. கடைக்காரர் அதை ஸ்கேன் செய்தால் உங்கள் குடும்பக் கணக்கு மெஷினில் திறக்கும், பொருள் போட்டதும் உங்கள் போனுக்கு மெசேஜ் வரும். வருஷா வருஷம் உள்தாள் ஒட்டி ஓட்டிய பழைய புத்தகத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான். வாங்காத சர்க்கரைக்கு மெசேஜ் வந்தால் சும்மா விடாதீர்கள், 1967க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி (காரைக்குடி வாசகி): பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகிறேன். சிப் வைத்த பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் போனால் யாராவது பக்கத்தில் வந்து தகவலை உறிஞ்சிவிடுவார்களா? பழையதே இருக்கட்டும் என்று சொல்ல முடியுமா?

பதில்: பயம் வேண்டாம். சென்னையில் 2025 மார்ச்சிலிருந்து இ-பாஸ்போர்ட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மேலட்டையில் பாஸ்போர்ட் என்ற எழுத்துக்குக் கீழே தங்க நிறத்தில் சின்னதாக ஒரு குறி இருந்தால் அது சிப் வைத்தது. சிப்பும் அதன் கம்பிச் சுருளும் அட்டைக்குள்ளேயே பொதிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

அந்தச் சிப் கேட்டவனுக்கெல்லாம் பேசாது. உங்கள் படம் இருக்கிற பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதியாகும் தேதி மூன்றும் இருக்கும். விமான நிலையக் கருவி முதலில் அந்த வரிகளைக் கண்ணால் படித்து, அதிலிருந்து சாவி செய்துதான் சிப்பைத் திறக்கும். பாஸ்போர்ட் மூடிப் பையில் இருக்கும்வரை அந்த வரிகள் வெளியே தெரியாது, ஆகவே கூட்டத்தில் உரசிப்போகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அதே பக்கத்தை ஏஜெண்டுக்கும் டிக்கெட் போடுகிறவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, நான் அதற்குத்தான் அதிகம் கவலைப்படுவேன்.

கையில் இருக்கிற பழைய பாஸ்போர்ட் அதன் தேதி வரை செல்லும், சிப்புக்காக அவசரமாக மாற்ற வேண்டியதில்லை. புதியது வந்தால் மடிக்காதீர்கள், அட்டையில் ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். சாமி படத்துக்கு முன்னால் வைத்து முதல் பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. மனசுக்கு வேண்டும் என்றால் அதைப் போட்டுவைக்கிற பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு வரி மேல் கறை விழுந்தால் கருவி படிக்காது.

கேள்வி (பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர்): ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பான் கார்டில் விரித்து எழுதி ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பச்சி (அப்பா) பெயர் முன்னால், மலேசியாவில் பிறந்த அண்ணனின் சான்றிதழில் எழுத்தே வேறு. எதை வைத்து எதைத் திருத்துவது?

பதில்: அண்ணே, இந்தச் சிக்கல் நம் சீமைக்கே உரியது, எழுதினால் ஒரு முழு இதழ் வரும். நமக்கு விலாசம் என்று ஒன்று இருந்தது. ஐயா, ஐயாவின் ஐயா என்று மூன்று நாலு தலைமுறைப் பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்து முன்னால் போட்டால் அதுதான் கடையின் பெயர், குடும்பத்தின் பெயர், கடன் கொடுக்க நம்பலாமா என்பதற்கான சான்றும் அதுதான். ஊர், நகரத்தாரின் ஒன்பது கோயிலில் எந்தக் கோயில், விலாசம், இந்த மூன்றையும் சொன்னால் ஒருவர் யார் என்பது தெரிந்துபோகும், பெரியவர்கள் நாலு பேர் "ஆமாம், நம்ம புள்ளிதான்" என்பார்கள். கல்யாணமானதும் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, கோயில் கணக்கில் சேர்த்துக்கொள்கிற பழக்கம் இருக்கிறதே, அதைவிடப் பழைய அடையாளப் பதிவு ஒன்றை நான் நம் ஊரில் பார்த்ததில்லை.

அரசாங்கப் படிவத்துக்கு அது புரியாது. அதற்கு முதல் பெயர் ஒரு கட்டம், கடைசிப் பெயர் ஒரு கட்டம். பான் படிவம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுது என்கிறது. விரித்தால் அருணாசலம் எந்தக் கட்டத்தில், மெய்யப்பன் எந்தக் கட்டத்தில் என்று ஒவ்வொரு முறை ஒவ்வொரு கையால் நிரப்பி ஒரே ஆள் நாலு பேராகிவிடுகிறார். எழுத்துக்கூட்டு இன்னொரு தொல்லை, இங்கே லக்ஷ்மணன் என்று வருகிற ஆங்கில எழுத்து மலேசியாவில் நாம் வாயால் சொல்கிறபடி லெட்சுமணன் என்று வரும். நமக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு ஆள்.

சிப் வந்ததால் இது சரியாகாது. இன்னும் கெட்டிப்படும். சிப்புக்குள் ஏறின பெயர்மேல் அரசாங்கக் கையொப்பம் விழுந்துவிடுகிறது, பேனாவால் திருத்தி முத்திரை குத்தித் தர எந்த அதிகாரியாலும் முடியாது, புதிதாக அச்சடித்தால்தான் உண்டு. அதனால் பாஸ்போர்ட்டுக்குப் போவதற்கு முன் மற்றவற்றைச் சரி செய்துவிடுங்கள்.

நான் செய்கிற வழி இது. பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், இரண்டில் எது நம்பிக்கையானதோ அதை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆதாரை அதன்படி மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை, எனவே மையத்தில் இருக்கும் பிள்ளை தட்டச்சு செய்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள், ஒப்புகைச் சீட்டு வந்த பிறகு படிப்பதில் பயனில்லை. அடுத்தது பான். கடைசியில் பாஸ்போர்ட். கல்யாணத்துக்குப் பிறகு பெண்பிள்ளைகளின் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, வீட்டில் மாற்றச் சொல்லி அழுத்தாதீர்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. அண்ணனுடையதை மலேசியச் சான்றிதழில் உள்ளபடியே விட்டுவிடுவது நல்லது, அங்கே பிறந்த பதிவை இங்கே இருந்து மாற்றப் போனால் அலைச்சல்தான்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். விருந்தினர் எல்லோரிடமும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைக்கிறோம். சிலர் கொடுக்க மறுக்கிறார்கள். யார் செய்வது சரி?

பதில்: மறுக்கிறவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆதார்தான் வேண்டும் என்று தனியார் யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதை 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தங்குகிறவர் யார் என்று தெரிந்துகொள்வது உங்கள் கடமை, அதற்கு ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவும் ஆகும். ஆதாரே கொடுத்தாலும் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் போதும், அதை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கிறேன், அந்த ஜெராக்ஸை வாங்கி நீங்கள் என்ன சரிபார்க்கிறீர்கள்? எவன் வேண்டுமானாலும் பெயரை மாற்றி அடித்துக்கொண்டு வரக்கூடிய காகிதம் அது. அதற்குப் பதில் ஆதாரில் இருக்கும் பெரிய கியூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண ஸ்கேனரில் வெறும் எண்களாகக் கொட்டும், ஆணையத்தின் செயலியில்தான் விரிந்து பெயர், முகவரி, படம் வரும். அதன்மேலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. திரையில் வருகிற படத்தையும் எதிரில் நிற்கிற முகத்தையும் பாருங்கள், அரை நிமிஷ வேலை, எதையும் வாங்கி வைக்க வேண்டாம். கோப்புக்கோப்பாக நீங்கள் சேர்த்து வைத்திருக்கிற காகிதம் பழைய பேப்பர் கடைக்குப் போய், அதில் ஒன்றைக் காட்டி எவனோ வேறு எங்கோ சிம் வாங்கினால் பொறுப்பு யாருக்கு? சிங்கப்பூரில் 2019 செப்டம்பரிலிருந்து சட்டம் கேட்காத இடத்தில் தனியார் யாரும் அடையாள எண்ணை வாங்கி வைக்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். இங்கேயும் அந்தக் கண்டிப்பு வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

வெளிநாட்டு விருந்தினர் விஷயம் வேறு. அவர்களின் பாஸ்போர்ட், விசா விவரத்தை அதற்கான அரசுப் படிவத்தில் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும், அதில் தாமதம் கூடாது.

கேள்வி (கண்டனூர் வாசகர்): கடையில் ஆதாரைப் பிளாஸ்டிக் அட்டையாக அடித்துத் தருகிறார்கள். அது செல்லுமா?

பதில்: ஆணையம் அதை வேண்டாம் என்கிறது. அட்டையாக வேண்டும் என்றால் ஆணையமே தபாலில் அனுப்பும், 2020 அக்டோபரில் 50 ரூபாய்க்குத் தொடங்கிய சேவை. அதில் ஹாலோகிராம், நுண்ணெழுத்து எல்லாம் இருக்கும், சிப் இருக்காது. இன்னொன்று, கடைக் கணினியில் உங்கள் ஆதார் கோப்பு தங்கிவிடும், அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேள்வி (ஆத்தங்குடியிலிருந்து ஒரு வாசகி): என் மாமனார் நாற்பது வருஷமாகப் பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், போடுகிறார். ரேஷன் கடையில் அவருக்குக் கைரேகை விழுவதே இல்லை. மூன்று மாதமாக இரண்டாம் நடை, மூன்றாம் நடை என்று அலைகிறோம். வீட்டுக்காரர் திருப்பூரில், நானும் வேலைக்குப் போகிறேன். சிப் அட்டை வந்தால் இந்தக் கஷ்டம் தீருமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆத்தங்குடிப் பட்டறையில் ஒரு பெரியவர் வேலை பார்ப்பதை ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை வைத்து விரலால் அழுத்தி வழித்துவிடுகிறார். ஒரு நாளைக்கு அந்த விரல் எத்தனை முறை சிமெண்டில் தேய்கிறது! இடைவேளையில் கையைக் கழுவிவிட்டுக் காட்டினார், கட்டைவிரல் நுனி கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது, கோடே இல்லை. ஊரெல்லாம் மெச்சுகிற தரையைப் போட்ட விரலைக் கருவி ஆள் இல்லை என்று சொல்வது எந்த விதத்திலும் நியாயமில்லை. தப்பு அவர் விரலில் இல்லை.

சிப் அட்டை வந்தாலும் அதோடு விரலையும் கேட்டால் இதே கதைதான், மலேசியாவிலும் தேய்ந்த விரல் தேய்ந்த விரல்தான். பின் எண் போட்டால் போதும் என்று வைத்தால் தீரும். இப்போதைக்குக் கையில் இருக்கிற வழிகளைச் சொல்கிறேன்.

ஆதாரில் பதிந்தது பத்து விரலும், கட்டைவிரல் மட்டுமல்ல. கடையில் பழக்கத்தில் கட்டைவிரலையே வைக்கச் சொல்வார்கள். மோதிர விரல், சுண்டுவிரல் சிமெண்டில் குறைவாகத் தேயும், அதை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போவதற்கு முந்தின ராத்திரி கையில் தேங்காயெண்ணெய் தடவி, காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வைத்தால் வறண்ட ரேகை கொஞ்சம் எழும்பும். ஆதாரில் கருவிழியும் பதிவாகியிருக்கிறது, கருவிழி பார்க்கிற கருவி ரேஷன் கடைகளுக்கு வந்திருக்கிறது, எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். போன் எண் சேர்த்திருந்தால் ஓடிபியும் உண்டு. நடக்க முடியாத பெரியவர் என்றால் தன் சார்பில் வாங்க ஒருவரை நியமிக்கும் படிவம் கடையிலேயே கிடைக்கும். முதியோர் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது, அவர் வயதுக்கு வருமா என்று வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேளுங்கள். மோசடிக்குப் பயந்து யாராவது அவருடைய ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டுப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், பூட்டியிருந்தால் எந்த விரலை வைத்தாலும் விழாது. நல்ல பாதுகாப்புதான், ஆனால் ரேஷனுக்குப் போகும் அன்று திறந்துவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் மேல் ஒன்று. விரல் விழவில்லை என்பதற்காக அரிசி இல்லை என்று யாரும் அனுப்பக்கூடாது, மாற்று வழியில் கொடுக்க வேண்டும் என்று 2017லேயே ஆதார் ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கடையில் சண்டை போட வேண்டாம், விற்பனையாளரும் மெஷினுக்குப் பயந்தவர்தான். தேதி, நேரம், எத்தனை முறை விரல் வைத்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு 1967க்குச் சொல்லுங்கள்.

என் பக்கத்து வீட்டுக் கொத்தனாரோடு ஒரு தரம் நானே கடைக்குப் போனேன். நாலு விரலும் சிவப்பு விளக்கு. அவர் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், பின்னால் வரிசை முணுமுணுக்கிறது, அவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. கருவிழிக் கருவி இருக்கிறதா என்று கேட்டேன். மேசைக்கடியில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. எடுத்து மாட்டி, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதற்குள் பார்த்தார், நான் பத்து எண்ணுவதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் கடையிலும் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று அடுத்த நடையில் முதலில் கேளுங்கள்.